மன்னர் எலும்பும் மக்கள் எலும்பும்

அரசர்கள் எவ்வாறு ஆண்டார்கள் என்பதைக் காட்டிலும் எவ்வாறு மாண்டார்கள் என்பதை அறிவதிலேயே மனிதருக்கு ஆர்வம் மிகுதி. நிலவரி முறையைப் பற்றி ஆசிரியர் பேசும்போது சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவன், மன்னன் ஒருவன் மர்மமாக மடிந்தான் என்றதும் நிமிர்ந்து உட்காருகிறான். இந்த ஆர்வத்தை இழிவென்று ஒதுக்க வேண்டியதில்லை. நல்வழியில் செலுத்தினால், வரலாறு எவரால் எழுதப்படுகிறது, எவருக்காக எழுதப்படுகிறது என்பவற்றை விளங்கிக்கொள்ள இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. இங்கிலாந்தின் அரண்மனைகளில் தொடங்கும் இக்கட்டுரை, சோழநாட்டுக் கல்வெட்டொன்றையும் கோட்டை, சீதாவாக்கை அரசுகளையும் கடந்து, நாம் வாழும் மாத்தளை மாவட்டத்து மண்ணில் வந்து நிற்கும். மன்னர் மரணங்களில் கேட்கப் பழகிய கேள்விகளை மக்கள் மரணங்களில் நாம் கேட்கத் தவறியிருக்கிறோம் என்பதே அதற்குக் காரணம்.

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். 1100ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆந் திகதி, நியூ பொரஸ்ட் என்னும் அரச வேட்டைக்காட்டில் இரண்டாம் வில்லியம் அம்பு பட்டு இறந்தான். எய்தவன் எனக் கூறப்பட்ட வால்டர் திரெல் என்ற பிரபு கடல் கடந்து பிரான்சுக்கு ஓடிவிட்டான். அன்று அந்தக் காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்த அரசனின் தம்பி ஹென்றி, தமையனின் உடலருகே காத்து நிற்கவில்லை. வின்செஸ்டர் நகருக்கு விரைந்து அரச கருவூலத்தைக் கைப்பற்றினான். ஓகஸ்ட் 5ஆந் திகதி முடி சூடிக்கொண்டான். கைவிடப்பட்ட உடலை வண்டியில் ஏற்றி நகருக்குக் கொண்டு சேர்த்தவர்கள் அவ்வூர்க் குடியானவர்களே என்பர். அம்பு தவறியதா, குறி தவறாமலே பட்டதா என்ற வழக்கு ஒன்பது நூற்றாண்டுகளாகத் தீரவில்லை.

இரண்டாம் எட்வேட் 1327 சனவரியில் முடியிழந்தான். அவ்வாண்டு செப்டெம்பர் 21ஆந் திகதி பார்க்லி கோட்டையில், சிறையிருந்தபடியே இறந்தான் என்று அறிவிக்கப்பட்டது. அரசியின் காதலனும் அன்றைய ஆட்சியின் உண்மையான அதிபதியுமாகிய றொஜர் மோட்டிமர் 1330இல் தூக்கிலிடப்பட்டபோது, மன்னனைக் கொல்வித்தமையும் அவன் மீதான குற்றங்களுள் ஒன்றாயிற்று. பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பற்றிய கொடூரக் கதை பின்னரே பரவியது. அரசன் தப்பியோடி இத்தாலியில் துறவியாக வாழ்ந்தான் என்று கூறும் பியெஸ்கி என்ற குருவானவரின் கடிதமொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் ஆவணக்களரி ஒன்றில் அகப்பட்டு, வழக்கை மீண்டும் கிளப்பிவிட்டது.

இரண்டாம் றிச்சேட் 1399இல் பதவி நீக்கப்பட்டு, 1400 பெப்ரவரி அளவில் பொன்ரிபிராக்ட் கோட்டையில் இறந்தான். பட்டினி போட்டார்கள் என்றனர் சிலர். அவனாகவே உணவை மறுத்தான் என்றனர் வேறு சிலர். உடலை இலண்டனுக்குக் கொண்டுவந்து முகம் தெரியும்படி மக்களுக்குக் காட்டினார்கள். அப்படிக் காட்டியும், அவன் ஸ்கொத்லாந்தில் உயிரோடிருக்கிறான் என்ற வதந்தி ஆண்டுக்கணக்கில் ஓயவில்லை. ஆறாம் ஹென்றி 1471 மே 21ஆந் திகதி இரவு இலண்டன் கோபுரச் சிறையில் இறந்தான். அவனை வென்ற நான்காம் எட்வேட் வெற்றியோடு நகருக்குள் நுழைந்ததும் அதே நாளில்தான். துயரம் தாளாமல் இறந்தான் என்றது அரசாங்கத் தரப்பு. 1910இல் கல்லறையைத் திறந்தபோது மண்டையோடு உடைந்திருந்தது. ஒட்டியிருந்த மயிரில் இரத்தக்கறை போன்ற தடம் காணப்பட்டது. 1483இல் அதே கோபுரத்துள் மறைந்துபோன சிறுவன் ஐந்தாம் எட்வேட்டின் கதையையும் அவன் தம்பியின் கதையையும் அறியாதார் இலர். 1674இல் அங்கே படிக்கட்டொன்றின் அடியில் கிடைத்த எலும்புகள் அவர்களுடையவை எனக் கருதி வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் வைத்தார்கள். 1933இல் ஒருமுறை அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் மூடிவிட்டார்கள். இக்கால மரபணுச் சோதனை அவற்றின்மீது நடத்தப்படவில்லை.

இவையெல்லாம் இருண்ட காலத்துச் செய்திகள் என்று எண்ணிவிட வேண்டாம். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் 1936 சனவரி 20ஆந் திகதி இரவு அமைதியாக உயிர் நீத்தார் என உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1986இல், அரச வைத்தியரான டோசன் பிரபுவின் குறிப்புகள் வெளிவந்தன. சாகுந் தறுவாயிலிருந்த மன்னருக்கு மோர்பின், கொக்கேன் ஆகிய மருந்துகளைத் தாமே ஊசிமூலம் ஏற்றி முடிவை விரைவுபடுத்தியதை அவர் எழுதி வைத்திருந்தார். செய்தி மாலைத் தாள்களில் வராமல் மதிப்புமிக்க காலைப் பத்திரிகையில் வரவேண்டும் என்பதும் அவர் கருத்திலிருந்தது. அரைநூற்றாண்டுக் காலம் ஒரு நாடே நம்பியிருந்த செய்தி ஒரு குறிப்பேட்டின் பக்கத்தால் மாறிப்போயிற்று.

இம்மரணங்களை வரிசையாக வைத்து நோக்கினால், ஆராய்ச்சியாளர் கேட்கும் கேள்விகள் மூன்றே என்பது புலனாகும். செய்தியை எழுதியவர் யார், எப்போது எழுதினார்? மரணத்தால் பயன் பெற்றவர் யார்? உயிரோடிருந்த உடலும் உயிர்போன உடலும் எவருடைய காவலில் இருந்தன? இம்மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு நம் பக்கம் திரும்புவோம்.

சுந்தரசோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் ஏறத்தாழ 969இல் கொல்லப்பட்டான். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தபின், தமிழறிந்த வீடுகளில் இக்கொலையைப் பற்றி வாதிடாதவர் குறைவு. நாவலை ஒருபுறம் வைத்துவிட்டுச் சான்றுகளைப் பார்ப்போம். இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் குலப்பெருமை பாட எழுந்தது. ஆதித்தன் விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் இவ்வுலகை நீங்கினான் என்பதே அது கூறும் செய்தி. கொலை என்ற சொல்லே அங்கில்லை. ஆறாம் ஹென்றி துயரத்தால் இறந்தான் என்ற அறிவிப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

உண்மையைச் சொன்னது வேறொரு சாசனம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடையவும் அவர்களின் உறவினருடையவும் உடைமைகளைப் பறிமுதல் செய்யும் ஆணையையும் தருகிறது. அவர்களுள் சிலர் தாங்கிய பிரமாதிராசன் என்னும் பட்டம், அவர்கள் உயர்பதவி வகித்த அந்தணர் என்பதைக் காட்டும். கொலையைப் பதிவு செய்யவேண்டுமென்று இக்கல்வெட்டு வெட்டப்படவில்லை என்பது நாம் உற்று நோக்க வேண்டிய செய்தி. பறிக்கப்பட்ட நிலம் கைமாறி அறச்செயலுக்கு வைக்கப்பட்டதைப் பதிவு செய்யவே அது எழுந்தது. நிலவுரிமைக்குத் தெளிவான ஆவணம் தேவைப்பட்டது. அதனால் கொலையும் உடன் வெளிப்பட்டது. புகழ் பாடிய செப்பேடு மறைத்ததை நிலக்கணக்குக் காட்டிக்கொடுத்தது.

பயன் பெற்றவர் யார் என்ற கேள்வியும் இங்கே எழாமலில்லை. கரிகாலனுக்குப் பின் அரியணை ஏறியவன் அவன் தம்பி அல்லன், சிற்றப்பன் முறையான உத்தமசோழன். அவன் 985 வரை ஆண்டான். அவனுடைய ஆட்சிக் காலத்தில் கொலைஞர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதாகச் சான்றில்லை. ஆகவே அவனுக்குக் கொலையில் பங்கிருக்கலாம் என நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பயனடைந்தவனே கொலையாளி என்று முடிவு கட்டுவது எளிது. ஆயின் அது தீர்ப்பாகாது. ஹென்றி கருவூலத்துக்கு ஓடியதால் அவனே அம்பை எய்வித்தான் என்று ஆகாதது போலவே, உத்தமன் அரியணை ஏறியதால் அவன் கொல்வித்தான் என்றும் ஆகாது. பயன் என்பது எங்கே தேடவேண்டும் என்பதைக் காட்டும் கைகாட்டி மரம். ஊர் வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளமன்று.

இனி இலங்கைக்கு வருவோம். 1521இல் கோட்டை அரசன் ஆறாம் விசயபாகு, தன் மூன்று புதல்வர்களின் சூழ்ச்சியால் அரண்மனையிலேயே கொல்லப்பட்டான். வரலாற்றில் ‘விசயபா கொள்ளை’ என்று அதற்குப் பெயர். அப்புதல்வர்களுள் மூத்தவனான ஏழாம் புவனேகபாகு, தம்பி மாயாதுன்னையிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் போர்த்துக்கேயரை நம்பினான். தன் பேரன் தர்மபாலனின் பொற்பிரதிமையை லிஸ்பனுக்கு அனுப்பி, 1543இல் போர்த்துக்கல் மன்னன் கையாலேயே அதற்கு முடிசூட்டுவித்தான். 1551இல் களனியில் தங்கியிருந்தபோது அவன் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. சுட்டவன் போர்த்துக்கேயப் படையைச் சேர்ந்தவன்.

புறாவைச் சுடும்போது குறி தவறிவிட்டது என்பது ஒரு கதை. ஏவப்பட்டுச் செய்த கொலை என்பது மற்றொன்று. வில்லியத்தின் அம்புக்கும் புவனேகபாகுவின் குண்டுக்கும் இடையே நாலரை நூற்றாண்டும் பல்லாயிரம் மைல்களும் கிடக்கின்றன. ஆயினும் கதை ஒன்றாகவே இருக்கிறது. அடுத்து நடந்ததும் ஒன்றே. கோவாவிலிருந்து படையோடு வந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி நொரொன்யா, கோட்டை அரண்மனையின் செல்வங்களைச் சூறையாடினான்; புதையல் எங்கே என்று கேட்டு அரண்மனையைச் சேர்ந்தோரை வதைத்தான். பட்டத்துக்கு வந்த தர்மபாலன் 1557இல் மதம் மாறி, 1580இல் தன் அரசையே போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக்கொடுத்தான். குறி தவறியதோ இல்லையோ, அந்த ஒரு குண்டின் விலையாக ஓர் அரசு கைமாறியது.

யார் எழுதினார் என்ற முதற் கேள்விக்குச் சீதாவாக்கை நல்ல உதாரணம். மாயாதுன்னையின் மகன் முதலாம் இராசசிங்கன், போர்த்துக்கேயரைக் கொழும்புக் கோட்டைக்குள் அடைத்துவைத்து நடுங்கச் செய்த பெருவீரன். 1581இல் மாயாதுன்னை இறந்தபோது, தந்தையைத் தன் கையாலேயே கொன்றவன் அவன் என்று சூளவம்சம் பழி சாற்றுகிறது. அப்பாவத்துக்குக் கழுவாய் இல்லையென்று பிக்குகள் கூறவே சினந்து சைவத்தைத் தழுவி, விகாரைகளை அழித்தான் என்றும் அது கூறுகிறது. சூளவம்சத்தின் அப்பகுதி எழுதப்பட்டதோ பதினெட்டாம் நூற்றாண்டில், கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில். அதாவது நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின். எழுதியவர் பிக்கு. பழிக்கப்பட்டவனோ சங்கத்தைப் பகைத்தவன். எனவேதான் தந்தைக்கொலைக் கதையை ஆய்வாளர் எளிதில் நம்புவதில்லை. மூன்றாம் றிச்சேட்டைக் கூன்விழுந்த அரக்கனாகச் சேக்ஸ்பியர் படைத்தது, அவனைக் கொன்று அரசு பெற்ற தியூடர் வமிசத்தின் ஆட்சியில் என்பதை இதனோடு ஒப்புநோக்குக.

அந்த இராசசிங்கனின் சாவும் தெளிவானதன்று. 1593இல் கண்டிமீது படையெடுத்துத் தோற்றுத் திரும்பும் வழியில் அவன் காலில் மூங்கிற் சிராயொன்று ஏறிற்று. அந்தப் புண்ணினாலேயே அவன் இறந்தான். புண்ணுக்கு மருந்திட்டவன் நஞ்சிட்டான் என்ற கதையும் உண்டு. புண் புரையோடி உயிரைக் குடிப்பது அக்காலத்தில் அன்றாட நிகழ்ச்சி. ஆயிரம் உழவர்கள் அப்படி இறந்திருப்பார்கள்; அவர்களுக்கு நஞ்சிட்டவன் யார் என்று எவரும் கேட்டதில்லை. அரசன் இறந்தால் மட்டும் மூங்கிற் சிராய் போதுமான காரணமாகத் தோன்றுவதில்லை. யாழ்ப்பாண அரசின் கதையிலும் எழுத்தின் குறையே நம்மை மருட்டுகிறது. 1736 அளவில் ஒல்லாந்த அதிகாரியின் விருப்பப்படி மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையில், பதினாறாம் நூற்றாண்டுச் சங்கிலியும் 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு முடிவெய்திய சங்கிலி குமாரனும் ஒரே ஆளாகக் கலந்துவிட்டார்கள். இரண்டு மன்னர்களின் முடிவு ஒருவனின் முடிவாயிற்று.

அரசர்களின் சாவு இத்தனை மர்மங்களுக்கு இடமாவது ஏன்? நிலமானிய முறையிலே அரசு என்பது ஒரு தனிமனிதனின் உடலோடு பிணைந்திருந்தது. நிலமும் பதவியும் பட்டமும் அவ்வுடல் உயிரோடிருக்கும் வரைக்குமே உறுதி. அரசனைச் சட்டப்படி நீக்கும் வழியோ இல்லை. நீக்கப்பட்ட அரசன் உயிரோடிருந்தால் புதிய அரசனுக்கு உறக்கமும் இல்லை. ஆகவே கொலை அங்கே ஓர் அரசியற் கருவியாயிற்று. அதை மறைப்பது அதன் மறுபாதியாயிற்று. மாறாக, 1649 சனவரி 30ஆந் திகதி முதலாம் சாள்சும், 1793 சனவரி 21ஆந் திகதி பதினாறாம் லூயியும் பகிரங்கமாக விசாரிக்கப்பட்டு, பகிரங்கமாகத் தண்டிக்கப்பட்டார்கள். அத்தீர்ப்புகளின் நீதியைப் பற்றி வாதிடலாம். அவர்கள் எவ்வாறு இறந்தார்கள் என்பதில் வாதமே இல்லை. 1918இல் ருசியச் சக்கரவர்த்தியின் குடும்பத்தார் நிலவறையில் மறைவாகச் சுடப்பட்டார்கள். இளவரசி அனஸ்தாசியா நான்தான் என்று பல்லாண்டு உரிமை கொண்டாடிய பெண்ணின் பொய், மரபணுச் சோதனை வந்த பின்னரே வெளியாயிற்று. செய்தவர் எவராயினும், எந்தக் கொள்கையின் பெயரால் செய்யினும், மறைவிற் செய்த கொலை மர்மத்தையே வளர்க்கும் என்பதை முற்போக்காளராகிய நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே நம் மாத்தளை வருகிறது. 1803இல் ஆங்கிலேயர் கண்டிமீது படையெடுத்தபோது திருகோணமலையிலிருந்து சென்ற படைப்பிரிவு இவ்வழியாகவே போயிற்று. மக்டவல் கோட்டை மாத்தளையில் எழுந்தது. நாயக்கர் குலத்து முத்துசாமியை அவர்கள் கண்டி அரசனாக்கினார்கள். யூன் 24ஆந் திகதி அவர்களுடைய காவற்படை சரணடைந்தபின், தங்கள் உயிரைக் காக்க அந்த முத்துசாமியையே மகாவலிக் கரையில் எதிரியிடம் ஒப்படைத்தார்கள். அவன் கொல்லப்பட்டான். அதன்பின் தாங்களும் கொலையுண்ட வெள்ளைச் சிப்பாய்களுக்காக ஆங்கில நூல்கள் பக்கம் பக்கமாக இரங்கின. முத்துசாமிக்கு ஒரு வரி கிடைத்தது. கண்டி அரசு வீழ்ந்தபின் 1817, 1818ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சியில் வில்பாவே என்பவன் தன்னை நாயக்க அரசவமிசத்துத் துரைசாமி என்று கூறிக்கொண்டான். 1848இல் கொங்காலேகொட பண்டா, கீர்த்தி சிறீயின் வழிவந்தவன் எனத் தன்னை அறிவித்து யூலை மாதத்தில் தம்புள்ளையில் முடிசூடினான். புதிய வரிகளால் நொந்த குடியானவர்கள் தங்களுக்கு ஓர் அரசனைத் தாங்களே ஆக்கிக்கொண்டார்கள் என்பதே இதன் பொருள். செப்டெம்பர் 21ஆந் திகதி, இரத்தோட்டைக்கு அண்மையிலுள்ள எல்கடுவையில் அவன் பிடிபட்டான். கசையடி பட்டு நாடுகடத்தப்பட்டு 1849இல் மலாக்காவில் இறந்தான். அவனுடைய தோழன் புரன் அப்புவை ஓகஸ்ட் 8ஆந் திகதியே கண்டியில் சுட்டுவிட்டார்கள். இராணுவ நீதிமன்றங்களின் அவசரத் தீர்ப்புகள் பிரித்தானியப் பாராளுமன்றம் வரை சென்று, தேசாதிபதி டொரிங்டன் பதவியிழக்க நேர்ந்தது. மக்களின் அரசன் ஆனதாலேயே ஒரு குடியானவனின் பெயர் ஆவணத்தில் ஏறியது.

அரசராகாதவர்கள் கதை என்ன? அதே 1840களில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு வந்தார்கள். நீரின்றியும் உணவின்றியும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியெங்கும் விழுந்தார்கள். 1849இல் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையொன்று, அந்தச் சில ஆண்டுகளில் மாண்டவர்கள் 70,000 பேர் என மதிப்பிட்டது. வந்து இறங்கியோர் தொகையிலிருந்து திரும்பிச் சென்றோர் தொகையைக் கழித்தே இத்தகைய கணக்குகளைப் போட்டார்கள். அத்தொகை மிகையென்று மறுத்தோரும் உண்டு. அரசன் ஒருவனின் மரணத்தில் அம்பு எந்தத் திசையிலிருந்து வந்தது என்று வாதிடுகிறார்கள். இங்கேயோ இறந்தவர் எத்தனை ஆயிரம் என்பதே வாதம். யார் என்று கேட்க இடமே இல்லை. மர்மம் என்பதும் பெயருள்ளவர்க்கே கிடைக்கும் சலுகை போலும்!

முன்சொன்ன மூன்று கேள்விகளையும் இங்கே பொருத்திப் பாருங்கள். எழுதியவர் யார்? துறைமுகக் கணக்கர். பயன் பெற்றவர் யார்? சாலையோரம் விழுந்தவர்களின் மேல் நடந்து வந்து சேர்ந்தவர்களின் உழைப்பைக் கொண்டு கோப்பியை விளைவித்த துரைமார். உடல் எவர் காவலில்? எவருடைய காவலிலும் இல்லை, காடு கொண்டது.

2012ஆம் ஆண்டு இரண்டு இடங்களில் மண் தோண்டப்பட்டது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், மாநகரசபையின் வாகனத் தரிப்பிடத்தின் கீழ் மூன்றாம் றிச்சேட்டின் எலும்புக்கூடு அகப்பட்டது. 1485இல் போரில் மடிந்த அவ்வரசனின் சகோதரி வழித்தோன்றல்களைத் தேடிப் பிடித்து, அவர்களின் மரபணுவோடு ஒப்பிட்டு, அவனே என்று நிறுவினார்கள். முதுகெலும்பின் வளைவை அளந்தார்கள். பதினொரு காயங்களை எண்ணினார்கள். 2015 மார்ச் 26ஆந் திகதி பேராலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

அதே 2012இன் நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்காக மண்ணை வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதவானின் மேற்பார்வையில் தோண்டத் தோண்ட 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எழுந்தன. அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது நீதிமன்றத்துக்கு அளிக்கப்பட்ட தொல்லியல் ஆய்வு. அவ்வாண்டுகள் இம்மாவட்டத்தில் இளைஞர்கள் வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாமற்போன ஆண்டுகள். பின்னர் அமைந்த சனாதிபதி ஆணைக்குழுவோ, வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றின் சோதனையைக் காட்டி, அவை 1950க்கு முற்பட்டவை என்றது. இரண்டு முடிவுகளுக்கும் இடையே அந்த எலும்புகள் பெயரில்லாமல் நின்றுவிட்டன.

எது சரி என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. உத்தமசோழனுக்கு நாம் அளித்த நியாயத்தை இங்கும் எவருக்கும் மறுக்க வேண்டியதில்லை. ஆயின் கேள்விகளை நிறுத்துவதும் நியாயமாகாது. அறிக்கையை எழுதியவர் யார், எந்தச் சான்றின் மேல் எழுதினார்? எந்த முடிவால் எவர் பயனடைகிறார்? எலும்புகள் எவருடைய காவலில் இருந்தன, இருக்கின்றன? புவனேகபாகுவின் மண்டையில் பாய்ந்த குண்டைப் பற்றி இவற்றைக் கேட்கும்போது நம்மை ஆராய்ச்சியாளர் என்று பாராட்டுகிறார்கள். வைத்தியசாலை வளவைப் பற்றிக் கேட்டால் மட்டும் கலகக்காரர் என்பானேன்?

இக்கேள்விகளுக்கு இனமில்லை. மாத்தளையில் மகனைத் தேடுபவள் பெரும்பாலும் சிங்களத் தாய். செம்மணியிலும் மன்னாரிலும் தோண்டப்பட்ட குழிகளின் ஓரத்தில் நின்றவள் தமிழ்த் தாய். ஒருத்தியின் கேள்வியை மற்றவளுக்கு எதிராகத் திருப்பிவிடுவதே இருவருக்கும் பதில் சொல்ல விரும்பாதோரின் பழைய தந்திரம். கோப்பிச் சாலையில் விழுந்த தமிழனும், 1848இல் மாத்தளையில் சுடப்பட்ட சிங்களக் குடியானவனும் ஒரே ஆட்சிக்குப் பலியானவர்கள் என்பதை நம் பாடநூல்கள் ஒரே பக்கத்தில் வைத்துச் சொன்னால், பிள்ளைகள் அந்தத் தந்திரத்தை எளிதில் அறிந்துகொள்வார்கள்.

வரலாறு கற்பிப்போர்க்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. மன்னர்களின் பெயரையும் ஆண்டையும் நெட்டுருப் பண்ணச் செய்வதோடு நில்லாமல், அம்மூன்று கேள்விகளையும் மாணவர் கையில் கொடுக்க வேண்டும். செப்பேடு மறைப்பதை நிலக்கணக்கு வெளியிடும் என்பதைக் காட்ட வேண்டும். ஊரிலுள்ள முதியவர்கள் யாரை, எந்த ஆண்டில், எங்கே இழந்தார்கள் என்பதை எழுதி வைக்கும் பழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். நாளைக்கு அதுவே சான்றாகும்.

அறிவியல் கைவிரிக்கவில்லை. 527 ஆண்டுகளுக்குமுன் இறந்த அரசனை அடையாளங்காண அவனுடைய சகோதரியின் சந்ததியைப் பல தலைமுறைகள் தாண்டித் தேட வேண்டியிருந்தது. மாத்தளையில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1980களின் இறுதியில் காணாமற்போனவர்களின் உடன்பிறந்தோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள்; தாய்மார் சிலரும் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று கேட்க ஒரு நாள் பயணம் போதும்.